தரமிட்ட நாணயப் பெட்டியும் ஸ்டிக்கரும்

தரமிட்ட நாணயப் பெட்டி என்பது, நிபுணர்கள் சோதித்துத் தரம் குறித்த ஒரு நாணயத்தை உள்ளே வைத்து மூடிய கெட்டியான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டியாகும். சேகரிப்பாளர்கள் இதனை 'ஸ்லாப்' என்று அழைக்கின்றனர். விலை, வரிசை எண், கடைப்பெயர் ஆகியவற்றைக் குறிக்கும் ஸ்டிக்கர்களை இதன் மேல் நேரடியாக ஒட்டுவதால் பெட்டி கெடுகிறது. உள்ளே நாணயம் பத்திரமாக இருந்தாலும், அதன் தரத்துக்குச் சான்று பெட்டிதான். சான்று தெளிவாகத் தெரியாதபோது நாணயத்தின் மீதுள்ள நம்பிக்கையும் விலையும் குறைகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தின் தேவிபட்டினம் போன்ற வெப்பமும் உப்புக்காற்றும் மிகுந்த கடலோர ஊர்களில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை.

பெட்டியின் அமைப்பு

நாணயங்களுக்குத் தரமிடும் முன்னணி நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். 1986இலும், என்.ஜி.சி. 1987இலும் அமெரிக்காவில் தொடங்கப்பட்டன. 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலை ஒட்டியே இவை தரமிடுகின்றன. பெட்டியின் இரு பாதிகளும் மீயொலி அதிர்வினால் உருக்கி இணைக்கப்படுகின்றன. உடைக்காமல் அதனைத் திறக்க முடியாது.

பெட்டிக்குள் உள்ள சீட்டில் நாணயத்தின் பெயர், ஆண்டு, தரம், சான்றெண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். போலிப் பெட்டிகளும் சந்தையில் உலவுவதால், வாங்குபவர் சீட்டு, ஹாலோகிராம், பெட்டியின் விளிம்பு ஆகிய அனைத்தையும் பார்க்க வேண்டியுள்ளது. ஸ்டிக்கர் இவற்றில் ஒன்றை மறைத்தாலும் சோதனை முழுமையடையாது.

சேதம் ஏற்படும் விதம்

ஸ்டிக்கரின் பின்புறம் உள்ள பசை அழுத்தத்தால் ஒட்டும் வகையைச் சேர்ந்தது. அது முழுமையாக உலர்ந்து கெட்டிப்படுவதில்லை. வெப்பத்தில் இளகி, தாளின் ஓரங்களுக்கு வெளியே கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்கிறது. ரப்பர் கலந்த பசை நாளடைவில் காற்றிலுள்ள ஆக்சிஜனால் மஞ்சளாகிறது. பின்னர் இறுகி, உரிக்க வராத படிவாகிறது.

பசையைவிட, அதை அகற்றும் முயற்சியே பெரும்பாலும் கூடுதல் கேடு விளைவிக்கிறது. இவ்வகைப் பெட்டிகளில் பயன்படும் பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக் எளிதில் கீறலுறும். பிளேடு, கத்தி, இரும்பு நார் ஆகியவை அழியாத கோடுகளை விட்டுச்செல்லும். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன், பெயின்ட் தின்னர், பெட்ரோல் ஆகியவை பாலிஸ்டைரீனைக் கரைத்து மங்கச்செய்யும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களின் எண்ணெயில் உள்ள லிமோனீனும் அதைக் கரைக்கும். ஆகவே 'இயற்கையானது' என்று விற்கப்படும் பசைநீக்கிகளும் பாதுகாப்பானவை என்று கொள்ள முடியாது.

கடலோரச் சூழல்

தேவிபட்டினம் பாக் நீரிணைக் கரையில் உள்ளது. இங்கு கோடை வெயிலும் உப்பு ஈரமும் சேர்ந்தே வருகின்றன. பெட்டிகள் முற்றிலும் காற்றுப்புகாதவை அல்ல. ஈரமும் வாயுக்களும் மெல்ல உட்செல்லும். உப்பிலுள்ள குளோரைடு செம்பு நாணயங்களில் பச்சைக் களிம்பு ஏற்படக் காரணமாகிறது. ரப்பர் பட்டையில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச்செய்யும். எனவே பெட்டிகளை ரப்பர் பட்டையால் கட்டி வைப்பதும் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் போலவே தவிர்க்கத்தக்கது.

தடுக்கும் முறைகள்

பெட்டியின் மேல் எதையும் ஒட்டாமல் இருப்பதே அடிப்படை விதி.

1. ஒவ்வொரு பெட்டியையும் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் இட வேண்டும். விலைச்சீட்டை அந்த உறையின் மேல் ஒட்டலாம்.
2. மென்மையான பி.வி.சி. உறைகளைத் தவிர்க்க வேண்டும். அவற்றிலிருந்து கசியும் மென்மையாக்கிகள் பெட்டியையும் கெடுக்கும்.
3. வாங்கிய நாள், விலை, விற்றவர் ஆகிய விவரங்களைச் சான்றெண்ணுடன் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம்.
4. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, அதனை அவ்வப்போது மாற்ற வேண்டும். வெயில் படும் சுவர் அலமாரி ஏற்றதல்ல.

ஒட்டியதை அகற்றுதல்

முதலில் பெட்டியின் இருபுறத்தையும் படமெடுத்துக்கொள்வது நல்லது. ஹேர் டிரையரின் குறைந்த சூட்டைச் சற்றுத் தொலைவிலிருந்து சில விநாடிகள் மட்டும் காட்டினால் பசை இளகும். பின்னர் ஒரு மூலையிலிருந்து, பெட்டியின் பரப்பை ஒட்டியவாறு மெதுவாக உரிக்க வேண்டும். எஞ்சிய பசையின் மேல் செல்லோடேப்பை ஒற்றி ஒற்றி எடுத்தால் அதில் பெரும்பகுதி வந்துவிடும். அதற்கும் மிஞ்சியதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சிறிது நனைத்த மென்துணியால் துடைக்கலாம். முதலில் ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பதும், இணைப்பு விளிம்பில் திரவம் படாமல் பார்ப்பதும் அவசியம். பெட்டியை நீரில் ஊறவைக்கக் கூடாது. இவற்றுக்குப் பின்னும் தெளியாத பெட்டியை மாற்றித் தரும் சேவையைத் தரமிடும் நிறுவனங்களே கட்டணத்துக்கு வழங்குகின்றன.

அகற்றக் கூடாத ஒரு ஸ்டிக்கரும் உண்டு. 2007இல் செயல்படத் தொடங்கிய சி.ஏ.சி. நிறுவனம், தரமிட்ட அமெரிக்க நாணயங்களை மறு ஆய்வு செய்து பெட்டியின் மேல் பச்சை அல்லது தங்க நிற முத்திரையை ஒட்டுகிறது. பச்சை அந்தத் தரத்தை உறுதிசெய்கிறது. தங்கம் அதைவிட உயர்ந்த தரத்துக்கு நாணயம் தகுதியானது என்பதைக் குறிக்கிறது. இம்முத்திரையே விலையை உயர்த்துவதால், பழைய ஸ்டிக்கரை உரிக்கும் முன் அது எது என்று அறிய வேண்டும்.

பழங்காசுகளும் சட்டமும்

இக்கடற்கரை பழங்காசுகளுக்குப் பெயர்பெற்றது. தேவிபட்டினத்துக்குத் தெற்கே அழகன்குளம் அகழாய்வில் ரோமானியக் காசுகள் கிடைத்தன. 'சேது' என்ற தமிழ் எழுத்துகளும் காளை உருவமும் கொண்ட யாழ்ப்பாண அரசர்களின் காசுகளும் இராமநாதபுரப் பகுதியில் கிடைத்துள்ளன. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தரமிடுவதற்காக அனுப்புவதற்கும் இத்தடை பொருந்தும். மண்ணுள் புதைந்து கிடைப்பவற்றின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பெட்டியில்லாத இத்தகைய காசுகளின் மேல் எண்ணிட்ட ஸ்டிக்கரை ஒட்டினால், பசை நேரடியாக உலோகத்திலேயே படியும். தனித்தனி அமிலமற்ற தாளுறையில் காசை வைத்து, கிடைத்த இடத்தை உறையின் மேல் பென்சிலால் எழுதுவதே ஏற்ற முறை. கிடைத்த இடம் தெரியாத காசு வரலாற்றுச் சான்றாகப் பெரிதும் பயன்படாது. காசை இடுமுன்பே உறையில் எழுதிவிட்டால் அழுத்தமும் அதன் மேல் படாது.