சக்கரங்களுக்கு ஒரு பூட்டு

ஆடித் தபசுத் திருவிழாவில் சங்கரன்கோவில் தேர் வீதி முனைக்கு வந்து நிற்கும்போது, வடம் பிடிப்போரைக் காட்டிலும் முட்டுக்கட்டை போடுவோர் மீதுதான் ஊரார் கண் பதிந்திருக்கும். ஒரு பக்கத்துச் சக்கரத்தை அவர்கள் கட்டை கொடுத்துத் தடுக்கிறார்கள். மறுபக்கத்துச் சக்கரம் ஓடுகிறது. தேர் மெல்லத் திரும்புகிறது. திருப்பத்தில் இரு பக்கத்துச் சக்கரங்களும் ஒரே அளவு ஓட இயலாது என்ற இயற்கை விதியை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மாட்டு வண்டியிலோ இந்தத் தொல்லையே இல்லை. அச்சின் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே சுழல்கின்றன. மாடு இழுக்கிறது; சக்கரம் பின்தொடர்கிறது.

மோட்டார் வண்டியின் நிலைமை வேறு. அங்கே சக்கரமே வண்டியை உந்தவேண்டும். இரு சக்கரங்களின் இடைவெளி ஒன்றரை மீட்டர் என்று கொள்வோம். தெரு முனையில் வண்டி ஒரு முறை செங்குத்தாகத் திரும்புவதற்குள், வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.4 மீட்டர் அதிகமாக ஓடியாகவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்துவிட்டால், ஏதாவதொரு சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். டயர் தேயும், அச்சு முறுக்குண்ணும், வண்டி திரும்ப மறுக்கும்.

இதற்கு வழிகண்டவர்களுள் பிரெஞ்சு நாட்டுக் கடிகாரக் கம்மியரான ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் குறிப்பிடத்தக்கவர். 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்கென அவர் அமைத்த பற்சக்கரத் தொகுதியே இன்றைய டிபரன்ஷியலின் முன்னோடி. அது எஞ்சினின் உந்துவிசையை இரு சக்கரங்களுக்கும் சரிபாதியாகப் பங்கிடுகிறது. வேகத்தை மட்டும் அவரவர் தேவைக்கேற்ப ஏற்றவும் குறைக்கவும் விட்டுவிடுகிறது.

சரிபாதிப் பங்கீடு கேட்பதற்கு நல்ல நீதியாகத் தோன்றலாம். அதன் குறை கரிசல் மண்ணில்தான் தெரியும். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் கரிசல் நிலம், கோடையில் வெடித்துப் பாளமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழைந்து சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அச்சேற்றில் இடப்புறச் சக்கரம் இறங்கிவிட்டது. வலப்புறச் சக்கரம் கெட்டியான வரப்பின்மேல் நிற்கிறது. சேற்றிலுள்ள சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. ஆகவே சிறு விசையிலேயே அது வழுக்கிச் சுழல்கிறது. இரு பக்கத்துக்கும் சமபங்கே கொடுக்கத் தெரிந்த டிபரன்ஷியல், பிடிப்புள்ள சக்கரத்துக்கும் அந்தச் சிறு விசையையே அளிக்கிறது. ஒரு சக்கரம் இருமடங்கு வேகத்தில் சேற்றை வாரி இறைக்க, மற்றொன்று அசையாமல் நிற்கும் காட்சி இதனால்தான் தோன்றுகிறது. வலுவற்றவன் இழுக்கும் அளவே வலுவுள்ளவனும் இழுக்கலாம் என்பது இங்கே சட்டமாகிவிடுகிறது.

இச்சட்டத்தைச் சற்று நேரம் நிறுத்திவைப்பதே பூட்டின் வேலை. பூட்டு விழுந்ததும் இரு சக்கரங்களும் ஒரே தண்டில் பிணைந்தாற்போல் சுழலும். பிடிப்புள்ள சக்கரம் தன் முழு வலிமையையும் காட்டும். டிராக்டர் ஓட்டும் உழவர்களுக்கு இது புதிதன்று. பெரும்பாலான டிராக்டர்களில் குதிங்காலுக்கு அருகே அதற்கெனச் சிறு மிதி ஒன்று உண்டு. அதை மிதித்தால் பூட்டிக்கொள்ளும்; காலை எடுத்ததும், சக்கரங்களின் மீதான பளு சமப்பட்டவுடன், வில் அதைத் தானே விடுவிக்கும்.

காட்டிலும் மேட்டிலும் செல்லும் வண்டிகளிலும் இப்பூட்டு இடம்பெற்றிருக்கிறது. போர்ஸ் கூர்க்கா வண்டியில் அது ஓட்டுநர் கையால் இயக்குவது. 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த மகிந்திரா தார் ராக்ஸ் வண்டியின் நாற்சக்கர இயக்க வகைகளில் மின்னணுப் பூட்டு அமைந்துள்ளது. சுவிட்சை அழுத்தினால் மின்காந்தமோ சிறு மோட்டாரோ ஒரு வளையத்தை நகர்த்தி, பற்களைப் பற்களோடு கோத்துவிடுவதே மின்னணுப் பூட்டின் பொதுவான அமைப்பு. ஆயினும் சுவிட்ச் இடுவது விண்ணப்பம் மட்டுமே. ஆணையிடுவது வண்டியின் கணிப்பொறி. வேகம் மிகக் குறைவா, மெதுகதிப் பல்லிணையில் வண்டி இருக்கிறதா என்றெல்லாம் உணரிகளைச் சாட்சி கேட்ட பின்னரே அது பூட்டும்.

இந்த நிபந்தனைகள் சில வேளைகளில் தடையாக அமைவதுண்டு. மெதுகதி நாற்சக்கர இயக்கம் தேவைப்படாத, ஆனால் பின்சக்கரம் வழுக்குகின்ற வயற்பாதையில் பூட்டு மட்டும் கிடைத்தால் போதும் என்று ஓட்டுநர் எண்ணலாம். வட அமெரிக்காவில் டொயோட்டா டக்கோமா வண்டியை வைத்திருந்தோர் பலர் இவ்வாறே எண்ணினர். 2005 முதல் 2015 வரை வந்த அவ்வண்டிகளில், சாம்பல் நிறக் கம்பி ஒன்றின் இணைப்பை மாற்றி, வண்டி மெதுகதியில் இருப்பதாகக் கணிப்பொறியை நம்பவைத்தனர். பூட்டு அவர்கள் விருப்பத்துக்கு இயங்கியது. வெளிப்படையாகச் சொன்னால், இது கணிப்பொறி முன் நிறுத்தப்பட்ட பொய்ச் சாட்சி.

பொய்ச் சாட்சியின் விளைவு யாது? கெட்டித் தார்ச்சாலையில் பூட்டு விழுந்தபடியே வண்டி ஓடினால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே செல்லவே முயலும். மழை நனைத்த வளைவில் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு விலகலாம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனியே கணித்து, பிரேக் இறுகிப்போகாமல் காக்கும் ஏற்பாடும் குழப்பமடையும். பல வண்டிகளில் பூட்டு விழுந்தவுடன் அது நிறுத்திவைக்கப்படுகிறது. வேகத்தில் பூட்டினாலோ பற்கள் மோதி உடையும்.

ஆகவே, மாற்றம் செய்தே தீர வேண்டுமெனக் கருதுவோர் சில வரம்புகளை மனத்திற் கொள்ளவேண்டும். மெதுகதி நிபந்தனையைத் தளர்த்தினாலும் வேக நிபந்தனையைத் தொடலாகாது. மின்சாரம் சிறு சுவிட்ச் வழியே நேராகப் பாயாமல் ரிலே வழியே செல்லவேண்டும். அதற்கெனத் தனிப் பியூஸ் வேண்டும். அச்சின் அருகிலுள்ள இணைப்புகளில் நீர் புகலாகாது. எச்சரிக்கை விளக்கு, சுவிட்ச் போட்டதை அறிவிப்பதாக இல்லாமல், அச்சில் பூட்டு உண்மையாகவே விழுந்ததையும் விலகியதையும் அறிவிப்பதாக இருக்கவேண்டும். உற்பத்தியாளர் தந்த உத்தரவாதம் இழக்கப்படலாம் என்பதையும், வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு வரம்பு விதித்திருப்பதையும் முன்கூட்டியே எண்ணிப்பார்த்தல் நலம்.

இவை யாவற்றினும் முதன்மையான பாடத்தை டிராக்டரின் எளிய மிதியே கற்பிக்கிறது. பூட்டுவதற்கு உழவர் காலை அழுத்தவேண்டும். திறப்பதற்கு அவர் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. கவனம் பிசகினால் பூட்டு தானே விலகிவிடும். சுவிட்சின் இயல்போ நேர்மாறானது: மறந்துவிட்டால் அது பூட்டியபடியே கிடக்கும். அந்த மறதியை ஈடுசெய்யவே பொறியியலார் கணிப்பொறியைக் காவல் வைத்தனர். காவலை அகற்றுவோர், அக்காவலின் கடமையைத் தாமே ஏற்றுக்கொள்கிறோம் என்பதை உணரவேண்டும். சேற்றிலிருந்து கரையேறிய வண்டி தார்ச்சாலையை மிதிப்பதற்குள் பூட்டு திறந்தாகவேண்டும். பூட்டத் தெரிந்தால் வண்டி மீளும். திறக்கவும் தெரிந்தால்தான் வண்டியில் இருப்பவர் நலமாக வீடு சேர்வர்.