சிலந்தி மேல் வீண் பழி!

காலையில் எழுந்ததும் கழுத்தில் எரிச்சல். கண்ணாடியில் பார்த்தால், கோடு இழுத்தாற்போல் சிவந்த தடிப்பு! "எட்டுக்கால் பூச்சி சிறுநீர் கழித்துவிட்டது" என்பார்கள் வீட்டில். உடனே துடைப்பம் வரும். மூலையில் இருக்கும் சிலந்தி சாகும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

உண்மைக் குற்றவாளி

மழைக்காலத்து இரவுகளில் விளக்கைத் தேடி ஒரு சிறு வண்டு வீட்டுக்குள் வருகிறது. ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது. பார்த்தால் எறும்பு போல் இருக்கும். உடம்பில் கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி இருக்கும்.

இந்த வண்டு கடிப்பதில்லை, கொட்டுவதும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் அதைத் தோலோடு சேர்த்து நசுக்கிவிட்டால், அதன் உடம்பில் உள்ள நஞ்சு தோலில் படுகிறது. ஓரிரு நாட்கள் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும். அதற்குள் வண்டு இருந்த இடம் தெரியாது. கண்ணில் படுவது சுவரில் உள்ள சிலந்திதான்!

கூலி வாங்காத காவல்காரன்

அந்தச் சிலந்தி வீட்டுக்கு என்ன செய்கிறது?

மூலையில் மெல்லிய நீண்ட கால்களோடு தலைகீழாகத் தொங்கும் சிலந்தி, வலையில் சிக்கும் கொசுவைத் தின்கிறது.

சுவரில் தாவித் திரியும் குட்டிச் சிலந்தி, இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. அதற்கு 8 கண்கள். பூனை போல் பதுங்கிச் சென்று ஈயின் மேல் பாயும்.

உள்ளங்கை அகலத்துக்குக் காலை விரித்து ஒட்டியிருக்கும் பெரிய சிலந்தி, இரவில் கரப்பான் பூச்சியை வேட்டையாடும். கையால் பிடித்து அழுத்தினால் கடிக்கும், வலிக்கும். ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

வண்டு மேலே ஊர்ந்தால் நசுக்கக் கூடாது. ஊதித் தள்ள வேண்டும். நசுங்கிவிட்டால், உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கக் கூடாது, கண் வீங்கிவிடும். இரவில் படுக்கைக்கு மேலே உள்ள விளக்கை அணைத்துவிட்டு, கொசுவலைக்குள் படுப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை: உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போல் கொப்புளம் கிளம்பிக் கடுமையாக வலித்தால், அது அக்கியாக இருக்கலாம். அதையும் சிலந்தியின் வேலை என்று எண்ணி நாளைக் கடத்தக் கூடாது. 3 நாட்களுக்குள் டாக்டரிடம் போனால் மருந்து நன்றாக வேலை செய்யும்.

ஒட்டடை அடிக்கும் நாளில் தூசி படிந்த வலையை அகற்றலாம். ஓடும் சிலந்தியைத் துரத்தி அடிக்க வேண்டாம். வேறொரு மூலையில் அது மறுபடியும் காவலுக்கு உட்கார்ந்துவிடும்!