தொட்டிக்கு அடியில் எந்த மணல்?

மும்பையில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்களுக்கு மணல் என்றதும் ஜூஹு கடற்கரைதான் நினைவுக்கு வரும். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் போய்வர எளிது, காசும் கிடையாது. ஆனால் அந்த மணலை ஒரு தட்டில் உலர்த்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் எழுந்து ஒட்டிக்கொள்ளும். தக்காணத்து எரிமலைப் பாறையான பசால்ட் தேய்ந்து கடலுக்கு வந்து சேர்ந்த இரும்புத் தாது அது. கிளிஞ்சல் தூளும் அந்த மணலில் உண்டு. கூடவே நகரத்துச் சாக்கடையும், மழைக்காலத்தில் கரையொதுங்கும் தார் உருண்டைகளின் மிச்சமும் உண்டு. இதையெல்லாம் நீர்த்துப்போகச் செய்யும் அளவுக்கு வீட்டுத் தொட்டியில் தண்ணீர் கிடையாது.

அப்படியானால் எதைப் போடுவது? வெளிநாட்டுக் கையேடுகளைப் புரட்டினால் பவள மணல் அல்லது நொறுக்கிய பவளத் துண்டு என்று பதில் வரும். கடைகளில் ‘கோரல் சிப்ஸ்’ என்று கேட்பார்கள். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

தாராவியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் மிகப் பல திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவை. அந்தத் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கார்பைடு ஆலைக்கும் பல பத்தாண்டுகள் அந்தப் பவளத்தைப் பெயர்த்துப் படகு படகாக ஏற்றினார்கள். 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்த பிறகும் அது உடனே நிற்கவில்லை. அலையைத் தடுத்த பாறை போனதும் தீவு மணல் அரிக்கத் தொடங்கியது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. வான் தீவைக் காப்பாற்ற அதன் முன்னே செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது.

2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. நம் கடலில் எடுத்த பவளம், உயிரோடு இருந்தாலும் செத்து உடைந்த துண்டாக இருந்தாலும், வாங்குவதும் விற்பதும் குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை. சிறைக்குப் பயந்து மட்டும் இதைத் தவிர்க்கச் சொல்லவில்லை. அரபிக்கடலோர வீட்டில் நாம் அழகு பார்க்கும் தொட்டிக்காக நம் சொந்த ஊர்க் கடலின் அடித்தளத்தைப் பெயர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாங்கும் மணல் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சிட்டிகை மணலில் வெள்ளை வினிகர் விட்டால் கால்சியம் கார்பனேட் பொங்கும். சிலிக்கா மணல் சும்மா கிடக்கும். ஆனால் பவளமும் சிப்பியும் ஒன்றுபோலப் பொங்கும். இரண்டையும் பிரித்தறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். பவளத் துண்டில் நட்சத்திர வடிவக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் உயிர் உட்கார்ந்திருந்த இடம். சிப்பித் தூள் வழவழப்பாக, ஏடு ஏடாக இருக்கும். பஹாமாஸிலிருந்து வரும் மணல் உருண்டை உருண்டையாக இருக்கும். அங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில், சின்னத் துகளைச் சுற்றி அரகோனைட் படிந்து படிந்து உருவாகும் மணி அது. பவளத்தை உடைத்து எடுத்ததல்ல. பையில் அடைத்து, பெயரும் பில்லுமாக விற்கும் அந்த மணல் விலை கூடியதுதான். கட்டுப்படியாகும் விலையில் வேண்டுமானால், கோழித் தீவனத்துக்கு விற்கும் சிப்பித் தூளைச் சலித்து 1, 2 மில்லிமீட்டர் அளவை எடுத்து, கலங்கல் போகும்வரை அலசிப் போடலாம். விளிம்பு கூர்மையாக இருப்பதால், மணலை வாயால் அள்ளிச் செவுள் வழியே துப்பி இரை தேடும் கோபி மீன்களுக்கு மட்டும் அது ஆகாது.

பவள மணல் போட்டால் பி.எச். தானாக நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கை கடைக்காரர்களிடமும் உண்டு, வாங்குபவர்களிடமும் உண்டு. வேதியியல் அதை ஆதரிக்கவில்லை. பி.எச். 8.2 அளவில் உள்ள கடல்நீரில் அரகோனைட் கரையாது. அந்த நீரில் ஏற்கெனவே அது தேவைக்கு மேல் நிறைந்திருக்கிறது. பி.எச். நன்றாக இறங்கிய பிறகுதான் கரையத் தொடங்கும்.  மும்பை வீடுகளில் பி.எச். இறங்குவதற்குப் பெரும்பாலும் மூடிய ஜன்னலே காரணம். அடைமழையிலோ ஏசி போட்டோ நான்கு பேர் ஓர் அறைக்குள் இரவெல்லாம் மூச்சுவிட்டால், கரியமில வாயு தொட்டித் தண்ணீரில் சேரும். காலையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். எந்த மணலும் செய்யாத வேலையை அது செய்யும்.

அடுத்தது ஆழம். 10 சென்டிமீட்டருக்கு மேல் மணல் போட்டால் அடியில் ஆக்சிஜன் எட்டாத அடுக்கு உருவாகும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும். மொனாக்கோவில் ஷான் ஜோபேரும் அமெரிக்காவில் ரான் ஷிமெக்கும் இந்த முறையைப் பிரபலமாக்கினார்கள். அறிவியல் சரிதான், வீடுதான் இடம் கொடுக்காது. 90க்கு 45 சென்டிமீட்டர் அடிப்பரப்புள்ள தொட்டியில் 10 சென்டிமீட்டர் மணலின் எடை ஏறக்குறைய 60 கிலோ. 180 லிட்டர் தண்ணீரும் கண்ணாடியும் அதன்மேல். தாராவியில் பலகை அடித்த மாடி இதைத் தாங்காது. செம்பூர் அடுக்ககத்தில் தரை தாங்கும், ஆனால் 11 மாத வாடகை ஒப்பந்தம் தாங்க வேண்டுமே! வீடு மாற்றும்போது ஆழமான மணலைக் கிளறினால், அடியில் கறுத்துக் கிடக்கும் இடங்களிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். மீனுக்கு அது நஞ்சு.

அதனால் இந்த நகரத்துக்கு 2, 3 சென்டிமீட்டர் போதும் என்பது என் கருத்து. அதே தொட்டிக்கு 18 கிலோ வரை ஆகும். மணலே இல்லாமலும் வைக்கலாம். மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பொரிக்கவைக்கும் கோமாளி மீன்களுக்கு மணல் ஒரு தேவையே அல்ல. மணலுக்குள் புதைந்து தூங்கும் ராஸ் வகை மீன்களை வாங்கினால் மட்டும் மணல் கட்டாயம்.

மெல்லிய மணலைச் சும்மா விடக்கூடாது. வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு இடத்தில் மட்டும் தண்ணீர் உறிஞ்சும் குழாயைச் செருகுங்கள். மணல் குழாய்க்குள் எழும்பிச் சுழல, பழுப்பு அழுக்கு பிரிந்து மேலே போகும். அந்த நொடியில் குழாயை விரலால் அழுத்தினால் மணல் திரும்ப விழுந்துவிடும். மூன்று வாரத்தில் முழுத் தொட்டியும் முடியும், பாக்டீரியாக்களும் பிழைக்கும். புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் படரும் பழுப்புப் படலம் டையட்டம் பாசி. பதறி மருந்து ஊற்ற வேண்டாம், தானே அடங்கும்.

மணலைச் சுத்தம் செய்யக் கடல் அட்டை விடுங்கள் என்று அயல்நாட்டுக் கையேடுகள் சொல்லும். இந்தியாவில் கடல் அட்டையும் அதே சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. ராமநாதபுரம் கரையில் அதைக் கடத்தியவர்கள் பிடிபடுவது அடிக்கடி வரும் செய்தி.

2020 அக்டோபர் 12 காலையில் மும்பை முழுக்க மின்சாரம் போனது நினைவிருக்கும். பம்பு நின்றால் முதலில் ஆக்சிஜனைத் தின்பது மணலில் தேங்கிய அழுக்கு. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். வீடு மாற்றும் நாளில் பழைய மணலையும் மீனையும் ஒரே வாளியில் ஏற்றாதீர்கள். மணலைத் தனியே எடுத்து, உப்பு கரைத்த தண்ணீரில் கலங்கல் போகும்வரை அலசி, புது வீட்டில் தண்ணீர் தெளிந்து அம்மோனியா இல்லை என்று சோதித்த பிறகே மீனை விடுங்கள்.