கையசைவில் ஓடும் கடிகாரம்

ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்றின் பின்மூடி கண்ணாடியாக இருந்தால், உள்ளே அரைவட்ட வடிவில் கனமான ஒரு உலோகத் தகடு தெரியும். அதன் பெயர் ரோட்டர். எடை முழுவதும் ஒரே பக்கம் இருப்பதால், மணிக்கட்டு சாயும்போதெல்லாம் புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும், அது சுழலும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தாலும், பைக் ஓட்டினாலும், கைவீசி நடந்தாலும் இதே கதைதான். அந்தச் சுழற்சி பல்சக்கரங்கள் வழியாகப் போய் மெயின் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்கவும் வேண்டாம்.

நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங் அறுந்துவிடாதா? இந்த இயந்திரத்தில் என்னை மிகவும் கவர்ந்தது இதற்கான தீர்வுதான். ஸ்பிரிங்கின் வெளிமுனையைக் கொக்கியில் மாட்டுவதில்லை. அது இருக்கும் உருளையின் உட்சுவரை அழுத்திக்கொண்டு நிற்கும். முறுக்கு நிறைந்ததும் அந்த முனை சுவரோடு வழுக்கிக்கொடுக்கும். 1863-இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் அட்ரியன் பிலிப். கையில் கட்டும் ஆட்டோமேட்டிக் வாட்ச் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இதன் பாதுகாப்பு தயாராகிவிட்டது!

அந்த வாட்ச்சைக் கொண்டுவந்தவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேய வாட்ச் ரிப்பேர்காரர். சாவி கொடுக்கும் திருகின் ஓட்டை வழியாகத்தான் தூசியும் ஈரமும் உள்ளே போகின்றன என்பதைத் தொழில் அவருக்குக் காட்டியது. திருகே இல்லாத வாட்ச்சை உருவாக்கி 1924-இல் சுவிஸ் காப்புரிமை பெற்றார். முள்ளைத் திருப்ப, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருக வேண்டும். அதில் எடைத் தகடு முழுவட்டம் சுற்றாது. இரு பக்கமும் முட்டி முட்டித் திரும்பும். 1930-களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம் அவருடைய நிறுவனத்தை மூழ்கடித்தது. அதே காலத்தில், 1931-இல், ரோலெக்ஸ் முழுவட்டம் சுற்றும் ரோட்டரைக் கொண்டுவந்தது. இன்று நாம் பார்ப்பவை பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

மலிவான குவார்ட்ஸ் வாட்ச்கூட மாதத்துக்கு 15 விநாடிதான் முன்பின் போகும். ஆட்டோமேட்டிக்கில் ஒரே நாளில் அவ்வளவு தவறலாம். ஆனாலும் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. உள்ளே இருக்கும் பேலன்ஸ் சக்கரம் பல வாட்ச்களில் விநாடிக்கு 6 அல்லது 8 முறை துடிக்கிறது. வெயிலிலும் ஏசி அறையிலும் அப்படி லட்சக்கணக்கில் துடித்து, வெறும் பல்லும் ஸ்பிரிங்குமாக 15 விநாடிதான் தவறுகிறது என்றால் அது பெரிய சாதனை.

வாங்குகிறவர்கள் சில பழக்கங்களுக்குத் தயாராக வேண்டும். பெரும்பாலானவை கழற்றி வைத்தால் 40 மணி நேரம் போல ஓடி நின்றுவிடும். வெள்ளி இரவு கழற்றினால் திங்கள் காலை மணி திருத்தித்தான் கட்ட வேண்டும். நாற்காலியிலேயே பொழுதைக் கழிப்பவருக்கு முறுக்குப் போதாமலும் போகலாம். திருகில் சாவி ஏறும் மாடலானால் காலையில் சில சுற்று கொடுத்துவிடலாம். இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தேதியை மாற்றாதீர்கள்; தேதிச் சக்கரத்தின் பற்கள் அப்போது பிணைந்திருக்கும், உடையக்கூடும். வாட்ச் திடீரென்று வேகமாக ஓடினால் காந்தத்தைச் சந்தேகியுங்கள். ஸ்பீக்கருக்கும் காந்தம் வைத்த போன் உறைக்கும் பக்கத்தில் வைத்தால், பேலன்ஸ் சக்கரத்தில் உள்ள முடியளவு மெல்லிய ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் நீக்கும் கருவியால் கடைக்காரர் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார்.

நம் வீடுகளிலும் இந்த வாட்ச்கள் உண்டு. கல்யாணச் சீராக வந்த எச்எம்டி காஞ்சன் போன்ற ஆட்டோமேட்டிக்குகள் இன்னும் பல பீரோக்களில் தூங்குகின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் ஆட்டி ஓடவைத்து உடனே கட்டிக்கொள்ளாதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். உலர்ந்த பற்கள் உரசித் தேயும். மெக்கானிக்கல் வாட்ச் தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுத்து, கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடச் சொல்லுங்கள். அதன் பிறகு தினமும் கட்டுங்கள்.