கதிரை எண்ணாமல் உலோகத்தை அறியும் புரதங்கள்

நீரில் கரைந்த யுரேனியத்தைக் கதிர்வீச்சளவியே காட்டிவிடும் என்று கருதுவது இயல்பு. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். அந்த அளவுள்ள ஒரு லிட்டர் நீரில் யுரேனியம்-238இன் அணு ஒன்றுகூடச் சராசரியாக நொடிக்கு ஒருமுறை சிதைவதில்லை, சிதைந்தாலும் வெளிப்படும் ஆல்பாத் துகளை நீரே விழுங்கிவிடுகிறது. ஆகவே மாதிரி நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, விலையுயர்ந்த கருவிகளில் சோதிக்க வேண்டியிருக்கிறது.

கதிரை எண்ணுவதை விட்டு, உலோகத்தின் உருவத்தை இனங்காண முயல்வதே புரத உயிருணர்வி, அதாவது உயிர்ப்பொருளைக் கொண்டு ஒரு வேதிப்பொருளைக் கண்டறியும் கருவி. யுரேனியம் நீரில் பெரும்பாலும் ‘யுரேனைல்’ என்ற மின்னூட்டத் துகளாக, இருபுறமும் ஓர் ஆக்சிஜன் அணு நேர்கோட்டில் நிற்க அமைந்திருக்கிறது. இரு முனைகளும் அடைபட்டிருப்பதால் அதன் இடுப்பைச் சுற்றித்தான் பற்ற முடியும். நீரில் உடன் கரைந்திருக்கும் கால்சியத்துக்கு இத்தகைய வடிவம் கிடையாது. வடிவம் அறியப்பட்ட புரதங்களைக் கணினியில் சலித்து, ஒன்றைத் தேர்ந்து திருத்திய சிக்காகோ பல்கலைக்கழகத்தின் சுவான் ஹே குழுவினர், 2014இல் அறிவித்த புரதம் பிற உலோகங்களைக் காட்டிலும் 10,000 மடங்குக்கு மேல் யுரேனைலையே நாடுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 3 மைக்ரோகிராமே உள்ள யுரேனியத்தை அள்ளுவதுதான் அவர்களது நோக்கமாக இருந்தது என்பது சுவையான செய்தி.

பிடித்தால் மட்டும் போதாது, பிடித்ததைச் சொல்லவும் வேண்டும். இதற்கு வழிகாட்டியது, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கொட்ருவோ குழுவினர் 2018இல் ஒரு பாக்டீரியாவில் கண்ட ‘லான்மோடுலின்’ என்ற சிறு புரதம். அரிய மண் உலோகங்களைப் பற்றியதும் அது மடிந்து சுருங்குகிறது; அதன் இரு முனைகளிலும் ஒளிரும் புரதங்களை இணைத்துவிட்டால், மடியும்போது அவை நெருங்கி, ஒன்றின் ஒளியாற்றல் மற்றொன்றுக்குத் தாவ, நிறம் மாறுகிறது. அணு உலைக் கழிவில் வரும் அமெரிசியம், கியூரியம் ஆகியவற்றையும் லான்மோடுலின் இறுகப் பற்றுவது பின்னர் உறுதியாயிற்று.

ஆனால் இங்கேதான் இம்முறையின் எல்லையும் இருக்கிறது: அமெரிசியத்தையும் கதிரியக்கமற்ற அரிய மண் உலோகமான நியோடிமியத்தையும் அந்தப் புரதம் ஒரே கையால்தான் பிடிக்கிறது. அது உலோகத்தை அறியுமேயன்றி, கதிரியக்கத்தை அறியாது. குடிநீர் யுரேனியத்தைப் பொறுத்தவரை இது பெருங்குறையன்று. ஏனெனில் அங்கே முதலில் பழுதாவது சிறுநீரகம், அதைப் பழுதாக்குவது கதிர்வீச்சைவிட உலோகத்தின் வேதி நச்சே.