உள்பக்கம் மட்டும் மொட்டையாகும் டயர்: காரைத் தாழ்த்தியவர்கள் கவனத்திற்கு

நமது தொலைக்காட்சி அரங்கில் இம்முறை பேசப்பட்டது கார் டயரைப் பற்றி. இதைக் கேட்க யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தோம். ஆனால் ஒரு பக்கம் காரைத் தாழ்த்திய இளைஞர்கள், மறுபக்கம் அவர்களைப் பெற்றவர்கள் என்று அரங்கம் சூடு பிடித்துவிட்டது. ஷா ஆலம் இளைஞர் ஒருவர் கேட்ட முதல் கேள்வியே விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டது.

“அண்ணே, என் பழைய வீராவை லோவர் பண்ணினேன். முன் டயர் ரெண்டும் வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கு, உள்பக்கம் மட்டும் போத்தாக். டயர் கடைக்காரர் மட்டமான சாமானைத் தள்ளிவிட்டுட்டாரா?”

கிள்ளானில் நெடுங்காலமாகப் பட்டறை நடத்தும் அன்பர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: “தம்பி, டயர் மேல பழி போடாதீங்க. சக்கரம் நிக்கிற கோணத்தைப் பாருங்க.”

ஷா ஆலத்தில் இப்படி ஒரு கேள்வி எழுவதில் வியப்பில்லை. 1985இல் முதல் புரோட்டோன் சாகா பிறந்தது இந்த ஊர்த் தொழிற்சாலையில்தான். 1968இல் திறக்கப்பட்ட பத்து தீகா பந்தயத் தடமும் இங்கேதான் இருந்தது. குட்இயர் நிறுவனம் 2024 வரை இங்கே டயர் தயாரித்தது. பந்தயத் தடம் போய்விட்டது, டயர் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. ஆனால் காரைத் தரையோடு தரையாக ஓட்டும் ஆசை மட்டும் போகவில்லை. தாழ்ந்த கார் பார்க்க அழகுதான், அதை மறுப்பதற்கில்லை.

சரி, தாழ்த்தினால் டயர் ஏன் உள்பக்கம் தேய்கிறது? பெரும்பாலோர் சொல்லும் பதில் ‘கேம்பர்’. அதாவது, சக்கரத்தின் மேல்பாகம் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கிறது, அதனால் உள் விளிம்பு அதிகமாகத் தரையில் அழுந்துகிறது என்பது. இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. சாய்வு ஒரு டிகிரி கூடினால் அதனால் மட்டும் நல்ல டயர் சில மாதங்களில் மொட்டையாகிவிடாது. டயரைத் தின்னும் பெரிய திருடன் வேறொருவன். அவன் பெயர் ‘டோ’.

சிலர் பாதத்தை வெளிப்பார்த்து வைத்து நடப்பார்கள், அவர்களின் செருப்பைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். முன் சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்காமல், மேலிருந்து பார்க்கும்போது மூக்கு வெளியே திரும்பியோ உள்ளே திரும்பியோ நிற்பதுதான் டோ. மூக்கு வெளியே திரும்பினால் உள் விளிம்பு தேயும். உள்ளே திரும்பினால் வெளி விளிம்பு தேயும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சிறிய காரின் டயர் விட்டம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். அதன் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே வெறும் 3 மில்லிமீட்டர் விலகல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருநூறில் ஒரு பங்கு. அப்படியானால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டும். ஷா ஆலத்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் 125 மீட்டர் பக்கவாட்டு இழுவை! ரப்பரின் நெளிவு இதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும், மீதியைத் தார்ச் சாலை உரசித் தின்னும். தினமும் வேலைக்குப் போய் வருபவருக்கு என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இதோடு கேம்பர் சாய்வும் சேர்ந்துகொண்டால், உரசல் முழுவதும் உள் விளிம்பின் மேலேயே விழும். அந்த வீராவுக்கு நேர்ந்தது இந்தக் கூட்டணிதான்.

ஸ்பிரிங்கை மாற்றினால் டோ எப்படி மாறும் என்று இன்னொருவர் கேட்டார். சாகா, வீரா முதல் மைவி வரை நம் சிறு கார்களின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. சக்கரத்தைக் கீழே லோவர் ஆர்ம் பிடித்திருக்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராட் அதைத் திருப்புகிறது. ஸ்பிரிங் குட்டையானால் காரின் உடல் கீழே இறங்குகிறது, சக்கரம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஆகவே இந்த இரு கம்பிகளின் சாய்வும் மாறுகிறது. இரண்டும் ஒரே நீளமுமில்லை, ஒரே இடத்தில் மாட்டப்பட்டதுமில்லை. ஒன்று நகரும் வளைவில் மற்றது நகர்வதில்லை. அந்த வித்தியாசம் சக்கரத்தைச் சற்றே திருப்பிவிடுகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு என்பது காருக்குக் கார் மாறும். பல கார்களில் மூக்கு வெளிப்பக்கமே போகும்.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தையல்ல. டை ராட்டைத் திருகினால் டோ சரியாகும். ஸ்பிரிங் போட்ட பட்டறையிலேயே அலைன்மென்ட் செய்யாமல் “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று வீட்டுக்கு ஓட்டிப் போவதில்தான் வினையே தொடங்குகிறது. கேம்பர் கதை வேறு. பல கார்களில் அதைத் திருத்தத் தொழிற்சாலை வழி வைக்கவில்லை, தனியாகக் கேம்பர் போல்ட் வாங்கிப் போட வேண்டும்.

பட்டறை அன்பர் இன்னும் சில நுணுக்கங்களைச் சொன்னார். லோவர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் பழைய உயரத்தில் இறுக்கப்பட்டவை. காரைத் தாழ்த்தினால் அவை முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, கார் தன் எடையில் நிற்கும்போது மறுபடி இறுக்க வேண்டும். பால் ஜாயிண்ட், டை ராட் முனை ஆடினால் முதலில் அதை மாற்ற வேண்டும், ஆடும் காருக்கு அலைன்மென்ட் செய்வது வீண். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிப் படிந்த பிறகு இன்னொரு முறை அளந்து பார்ப்பது நல்லது. ‘ஓகே’ என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாமல், முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் கணினித் தாளில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பிரிங்கைக் கேஸ் வைத்து வெட்டும் பழக்கத்தைப் பற்றி அவர் கடுமையாகவே பேசினார். அந்தச் சூட்டில் இரும்பின் பதம் கெடுகிறது, இரு பக்கமும் சம உயரம் வருவதில்லை, சக்கரம் குழியில் இறங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகவும் கூடும். காசை மிச்சம் பிடிக்க இது இடமல்ல என்பதே என் கருத்தும். இதுபோன்ற மாற்றங்களைச் செய்யுமுன் ஜேபிஜே விதிகளையும் கேட்டறிந்துகொள்வது அவசியம்.

எல்லாத் தேய்மானமும் டோ வேலையில்லை. இரு விளிம்பும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அப்சோர்பர் செத்துவிட்டது. ஒரே ஒரு சக்கரம் மட்டும் தேய்ந்தால் எங்கோ குழியில் விழுந்து ஆர்ம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவது நோயைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது.

அரங்கில் இருந்த தாய் ஒருவர் எழுந்து, “டயர்தானே, தேய்ஞ்சா புதுசு வாங்கிட்டுப் போறான். இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?” என்றார். நியாயமான கேள்வி. பணம் மட்டும் என்றால் இத்தனை நேரம் பேசியிருக்கவே மாட்டோம். ரப்பருக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டை இருக்கிறது. உள் விளிம்பில் ரப்பர் தீர்ந்து கம்பி வெளியே வந்துவிட்டால், கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது டயர் வெடிக்கலாம். கம்பி வராவிட்டாலும், மாலை மழையில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் அந்தப் பகுதியில் இல்லாததால் சக்கரம் தண்ணீர் மேல் மிதக்கும். பிரேக் பிடிக்கும்போது பெரும் பாரத்தைத் தாங்குவதும் முன் சக்கரங்களே. இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் நடக்கிறது. நம் நாட்டில் சொந்த உபயோகக் கார்களுக்குப் பொதுவாக ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை என்பதால் வேறு யாரும் பார்த்துச் சொல்லப்போவதுமில்லை.

அந்தத் தாய்க்குச் சொன்ன வழி இதுதான். கார் சமதரையில் நிற்கும்போது, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, கைபிரேக் போட்டு, எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். முன் டயரின் தேயும் முகம் வெளியே தெரியும். டார்ச் விளக்கடித்து உள் விளிம்பு வரை பாருங்கள். பள்ளங்களுக்குள்ளே குறுக்காகச் சின்ன ரப்பர் கட்டைகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் முகம் அந்தக் கட்டைக்குச் சமமாக இறங்கிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பிறகு ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்பி மற்ற டயரையும் பாருங்கள். விரலால் மட்டும் தடவாதீர்கள். கம்பி வந்திருந்தால் கையைக் கிழித்துவிடும்.