ஐந்தாண்டு மௌனத்தின் கணக்கு

ஆப்பிரிக்காக் கண்டத்தில் இளம்பிள்ளை வாதத்தின் இயற்கை வைரஸ் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக ஒரு குழந்தையைக்கூடத் தீண்டியதாகச் செய்தி வராமலிருந்து, அந்நோய் அங்கே அடியோடு ஒழிந்துபோயிற்று என்று சுகாதார அதிகாரிகள் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியிருந்த 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நைஜீரியாவின் வடகிழக்கு மூலையிலுள்ள போர்னோ மாகாணத்தில் இரண்டு குழந்தைகள் போலியோவினால் முடங்கிக் கிடப்பதாகத் தெரியவந்தது. நோய் நிலைபெற்றுள்ள நாடுகளின் பட்டியலிலிருந்து நைஜீரியாவை நீக்கி அப்பொழுது ஓராண்டுகூட நிரம்பவில்லை. அயல்தேசத்திலிருந்து யாரேனும் பிரயாணி அறியாமல் கொண்டுவந்து சேர்த்த வைரஸாக இருக்கலாம் என்று எண்ணுவதற்கு இடமிருந்தது. ஆனால் குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த வைரஸின் மரபணு எழுத்துகளை ஆராய்ச்சிசாலையில் வரிசையாகப் படித்துப் பார்த்தபோது, அதற்கு மிக நெருங்கிய உறவு எதுவென்றால், அதே போர்னோவில் 2011-ஆம் ஆண்டில் கடைசியாகக் காணப்பட்ட வைரஸே என்று வெளிப்பட்டது. அப்படியானால் அந்த ஐந்து ஆண்டுகளும் அது எங்கும் போய்விடவில்லை; ஒரு குழந்தையின் குடலிலிருந்து மற்றொரு குழந்தையின் குடலுக்கு மாறி மாறி, எந்த வைத்தியர் கண்ணிலும் படாமல், எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல், அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறது.

ஐந்து ஆண்டு என்று இவ்வளவு திட்டமாக எப்படிச் சொல்ல முடிந்தது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, நம் நாட்டில் உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர்கள் ஏட்டுச் சுவடிகளைப் பரிசோதித்த முறையை நினைவுகூர்வது உதவியாக இருக்கும். ஒரே நூலின் பல பிரதிகளை ஊர் ஊராகத் தேடிக் கொணர்ந்து, அவற்றை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்துவைத்தார்கள் அவர்கள். பெயர்த்தெழுதுவோர் கையில் பிழை நேர்வது இயற்கை. ஒருவர் செய்த பிழையை அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியவரும் அப்படியே எழுதிச் செல்வார். ஆகவே இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படுமானால், அவ்விரண்டும் ஒரு மூலத்தின் வழியில் வந்தவை என்று ஊகிக்கலாம். போலியோ வைரஸின் மரபுச் செய்தி முழுவதும் ஏறத்தாழ 7,500 எழுத்துகளில் அடங்கியது. நம் உயிரணுவுக்குள் புகுந்து அது தன்னைத்தானே பிரதியெடுத்துக்கொள்ளும்பொழுது பிழைகள் விழுகின்றன. அப்பிழைகளைச் சரிபார்த்துத் திருத்தும் ஏற்பாடு அதனிடம் இல்லை. பல பிழைகளால் வைரஸுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவை வெறுமனே சந்ததியில் தங்கிவிடுகின்றன.

அந்தப் பிழைகள் சேரும் வேகம் ஏறக்குறைய ஒரே சீரானது என்பதுதான் இந்தச் சாஸ்திரத்தின் ஆதாரம். போலியோ வைரஸின் மேலுறையில் ஒரு புரதத்தை ஆக்கும் பகுதி சுமார் 900 எழுத்து நீளமுள்ளது. அதில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று, அதாவது ஒன்பது எழுத்துகள் அளவில், மாறுதல் உண்டாகிறது. அட்லாண்டா நகரத்து நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் ஓலன் கியூவும் அவருடைய சகாக்களும் 1980-களில், 150 எழுத்துகளே கொண்ட ஒரு சிறு துண்டத்தை மாத்திரம் படித்து, உலகின் பல பாகங்களில் கிடைத்த போலியோ வைரஸ்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்றைக்குக் கொரோனாவின் பெயரால் உலகமறிந்துவிட்ட மரபணுக் கண்காணிப்பு அப்படிச் சிறியதாகத்தான் தொடங்கிற்று.

புதிதாக அகப்படும் ஒரு வைரஸுக்கும், முன்னர் அறியப்பட்டவற்றுள் அதற்கு மிக நெருங்கியதற்கும் உள்ள வேற்றுமை நூற்றுக்கு ஒன்றரைக்கு மேற்படுமானால், அதை அநாதை வைரஸ் என்று வகைப்படுத்துகிறார்கள். அதன் தாயும் பாட்டியும் எந்த ஆராய்ச்சிசாலைக்கும் வந்து சேரவில்லை. ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் அந்தப் பரம்பரை நம் பார்வைக்குத் தப்பியிருக்கிறது. இந்த இடத்தில் நான் சற்று நின்று சிந்திக்க விரும்புகிறேன். வைரஸைப் பற்றி அறிவதற்காகவே இந்த எழுத்துகளைப் படிக்கிறோம் என்று எண்ணுகிறோம். ஆனால் அவற்றுள் நம்முடைய சிரத்தையின் சரித்திரமும் எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கிராமத்துக்குச் சுகாதார ஊழியர் போகவில்லை, எந்தத் தாயின் முறையீடு மேலே வந்து சேரவில்லை, எத்தனை மாதம் அப்படி இருந்தது என்பதை எந்த அதிகாரியின் அறிக்கையைக் காட்டிலும் உண்மையாக அந்த 900 எழுத்துகள் சொல்லிவிடுகின்றன.

போர்னோவில் பார்வை தப்பியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. போக்கோ ஹராம் கலகக்காரர்களின் கையில் சிக்கிய கிராமங்களுக்குள் சொட்டு மருந்துப் பெட்டியோடு ஒருவரும் நுழைய இயலவில்லை. வைரஸ் தொற்றியவர்களில் சுமார் இருநூறு பேருக்கு ஒருவர்தாம் வாதத்தினால் முடங்குகிறார்கள். மற்றவர்கள் ஒன்றும் அறியாமல் நோயைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். முடங்கிய அந்த ஒரு குழந்தையையும் பார்ப்பதற்கு வைத்தியர் இல்லாத பிரதேசத்தில் வைரஸுக்குப் பெயர் ஏது, பதிவு ஏது? மரபணுவின் சாட்சியம் கிடைத்த பிறகு, சாட் ஏரிப் படுகையைச் சேர்ந்த ஐந்து நாடுகள் ஒன்றுசேர்ந்து அவசர நிலையாகப் பாவித்துத் தடுப்பு மருந்து வழங்கின. மனிதர் குடியிருக்கும் இடங்கள் எவையென்று விண்வெளியிலிருந்து எடுத்த படங்களைக்கொண்டு அறிந்து, சிப்பாய்களின் துணையோடும் சிற்சில இடங்களில் அவர்கள் கையாலேயும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து சேர்ப்பித்தார்கள். அந்த ஆண்டில் நான்கு குழந்தைகள் பாதிக்கப்பட்டதோடு அது நின்றது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி, உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆப்பிரிக்கப் பிரதேசம் இயற்கைப் போலியோ அற்றதென்று சான்றளிக்கப்பட்டது. அதன் பின்னரும், 2021-ஆம் ஆண்டின் இறுதியில் மலாவி நாட்டில் ஒரு குழந்தை முடங்கியபோது, அந்த வைரஸ் பாகிஸ்தானத்துச் சிந்து மாகாணத்து வம்சம் என்று கண்டறிந்து கூறியது இதே முறைதான்.

நம் தேசமும் இந்தச் சாட்சிக் கூண்டில் நின்றதுண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியப் பிரதேசம் போலியோ அற்றதென்று சான்று பெற்று எட்டு ஆண்டுகள் கழித்து, 2010-இல் அதே பிரதேசத்தைச் சேர்ந்த தாஜிகிஸ்தானில் 400-க்கும் மேற்பட்டோர் வாதத்தினால் பீடிக்கப்பட்டார்கள். அந்த வைரஸுக்கு நெருங்கிய சுற்றம் உத்தரப்பிரதேசத்தில் இருந்தது. 2005-இல் அங்கோலாவுக்குச் சென்றதும் இந்திய வைரஸே. உள்நாட்டிலும், பல மாநிலங்களில் தலைகாட்டிய வைரஸ்களின் வம்சாவளியைத் தொடர்ந்துகொண்டே போனால், மேற்கு உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் கொண்டுபோய் விட்டது. எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் செலவிட்ட முயற்சியை அவ்விரு ஊற்றுக்கண்களின்மேல் குவிப்பதற்கும், கோசி நதி வெள்ளம் பாயும் கிராமங்களையும், செங்கற் சூளைகளில் வேலை தேடி அலையும் குடும்பங்களையும், ரயிலில் போகும் குழந்தைகளையும் விடாமல் துரத்திச் சென்று சொட்டு மருந்து கொடுப்பதற்கும் அந்த அறிவே வழி காட்டிற்று. 2009-இல் 741 குழந்தைகளை முடக்கிய நோய், 2010-இல் 42 குழந்தைகளோடும், 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹௌரா ஜில்லாவில் ஒரே ஒரு குழந்தையோடும் இந்தியாவைவிட்டு நீங்கியது.

இந்த வெற்றியில் யந்திரங்களின் பங்கை மட்டும் பேசிவிட்டுப் போவது நியாயமாகாது. பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தை எதற்கேனும் திடீரென்று கையோ காலோ துவண்டுபோனால், காரணம் எதுவாயினும், உடனே தெரிவிக்க வேண்டும்; பதினான்கு நாட்களுக்குள், ஒரு நாள் இடைவெளியில், இருமுறை மலம் சேகரிக்க வேண்டும்; அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் குளிர் குறையாமல் ஆராய்ச்சிசாலைக்குச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ந்த ஆராய்ச்சிசாலைகளுள் சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டும் ஒன்று. ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்விதம் பரிசோதிக்கப்பட்டார்கள். போலியோ அல்லாத காரணத்தால் துவண்ட குழந்தைகள் ஒரு ஜில்லாவிலிருந்து போதுமான எண்ணிக்கையில் அறிவிக்கப்படவில்லையென்றால், அந்த ஜில்லாவில் நோய் இல்லை என்று கொள்ளமாட்டார்கள். அங்கே தேடுகிறவர்கள் இல்லை என்றே கொள்வார்கள். மனித முயற்சியை அளப்பதற்கு இதைவிட நேர்மையான அளவுகோல் ஒன்றை நான் அறியேன். மலக்குப்பியோடு வெயிலில் பஸ் ஏறிய ஊழியர் வராத நாளில், எத்துணை விலையுயர்ந்த கருவியும் வாசிப்பதற்கு ஓர் எழுத்தில்லாமல் சும்மா இருக்கும்.

சில வேளைகளில் அந்த எழுத்துகள் நமக்கு உவப்பில்லாததையும் சொல்கின்றன. அமெரிக்கக் கண்டங்களில் போலியோ ஒழிந்ததாக 1994-இல் அறிவித்தாயிற்று. ஆனால் 2000-ஆம் ஆண்டில் ஹைத்தியும் டொமினிகன் குடியரசும் பங்கிட்டுக்கொண்டுள்ள ஹிஸ்பானியோலாத் தீவில் குழந்தைகள் முடங்கத் தொடங்கினர். வைரஸின் வம்சத்தைத் தேடிப் பார்த்தால், அது சொட்டு மருந்திலுள்ள பலவீனப்படுத்திய வைரஸிலிருந்தே இறங்கி வந்திருந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், தடுப்பு மருந்து சரிவரச் சேராத குழந்தைகளிடையே சுற்றிச் சுற்றி, இழந்த வீரியத்தைத் திரும்பப் பெற்றிருந்தது. சொட்டு மருந்தின்மேல் வீண் பழி விழுமே என்று அஞ்சி இதை மறைத்துவைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? மறைக்கவில்லை. எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற ஊரில் அந்த வைரஸுக்குச் சுற்றித் திரிய இடமே இல்லை என்பதை விளக்கிச் சொன்னார்கள். 2016 ஏப்ரலில், மூன்று வகைப் போலியோ வைரஸ்களுள் இரண்டாம் வகையை வழக்கமான சொட்டு மருந்திலிருந்து உலகெங்கும் நீக்கினார்கள். அவ்வளவு சுலபமாக வீரியம் திரும்பாதபடி மரபணுவைச் சீரமைத்த புதிய மருந்தை 2021 முதல் உபயோகிக்கத் தொடங்கினார்கள். சொட்டு மருந்திலிருந்து இறங்கிய இரண்டாம் வகை வைரஸ் 2022-இல் லண்டன் மாநகரின் சாக்கடை நீரில் தென்பட்டபோது, ஒரு குழந்தைகூட முடங்குவதற்கு முன்பே அந்நகரத்துச் சிறுவர்களுக்கு மேலும் ஒரு தவணை தடுப்பூசி போட முடிந்தது.

கினி நாட்டில் 2021 பிப்ரவரியில் எபோலா மறுபடியும் தோன்றியபோது நேர்ந்ததோ இதற்கு முற்றிலும் வேறானது. 2014-இல் அந்நாட்டைச் சூறையாடிய வைரஸோடு அதை ஒப்பிட்டபோது, இத்தனை ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட எழுத்து மாறுதல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஒரு டஜன்தான் இருந்தன. காட்டு மிருகங்களிடமிருந்து புதிதாக வந்ததுமல்ல, மனிதரிடையே ஓயாமல் பரவிக்கொண்டிருந்ததுமல்ல. முன்பு நோய் கண்டு பிழைத்த ஒருவருடைய உடலில் பெரும்பாலும் பெருக்கமின்றி அது உறங்கியிருக்க வேண்டும் என்பதே பொருந்தும் விளக்கம். நோயிலிருந்து மீண்டு, உற்றாரை இழந்து, அயலாரின் வெறுப்பையும் சகித்துக்கொண்டு வாழ்பவர்கள் பல்லாயிரவர். அவர்கள்மேல் இந்தச் செய்தி என்ன பாரத்தை ஏற்றும் என்று எண்ணும்போது மனம் கலங்குகிறது. மரபணுவைப் படிப்பவர்களுக்கு அதைச் சொல்லும் விதத்திலும் பொறுப்புண்டு. பிழைத்தவர்களுக்கு நீண்டகாலச் சிகிச்சையும் ஆதரவும் வேண்டும் என்பதற்குச் சான்றாக அதைச் சொல்வதும், அவர்களை அஞ்சி ஒதுக்குவதற்குச் சான்றாக விட்டுவிடுவதும் ஒன்றல்ல. 2014-இல் சியரா லியோனின் கெனிமா நகரத்தில் 78 நோயாளிகளிடமிருந்து 99 மரபணுத் தொகுதிகளைப் படித்து, அந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது என்று நிலைநாட்டிய கட்டுரையை எழுதியோரில் ஐவர், அது அச்சாவதற்குள் எபோலாவுக்கே இரையானார்கள். கெனிமா ஆஸ்பத்திரியின் டாக்டர் ஷேக் ஹுமார் கான் அவர்களுள் ஒருவர்.

கொரோனாவின் கதையை வாசகர்கள் அறிவார்கள். 2020 ஜனவரி 11-ஆம் தேதி அதன் ஏறத்தாழ 30,000 எழுத்துகளும் உலகறிய வெளியிடப்பட்டன; பரிசோதனை முறைகளும் தடுப்பூசிகளும் அதிலிருந்தே பிறந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியா மரபணு ஆராய்ச்சிசாலைகளின் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்திற்று. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசும் சென்னையில் தனக்கென ஓர் ஆராய்ச்சிசாலையைத் திறந்தது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மரபணுத் தொகுதிகள் உலகக் களஞ்சியத்தில் சேர்ந்தன. ஆயினும் அவற்றில் மிகப் பெரும்பாகம் செல்வ நாடுகளிலிருந்து வந்தவை. போர்னோ கற்பித்த பாடத்தை வைத்துப் பார்த்தால், நிறையப் படிப்பதைக் காட்டிலும், படிக்கப்படாத மூலை எது என்று தெரிந்துவைத்திருப்பதே முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த மூலைகளிலிருந்து செய்தி வரவேண்டுமானால், செய்தி சொன்னவர் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது. 2021 நவம்பரில் போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விஞ்ஞானிகள், மாறுதல்கள் மிக்க ஒரு புதுக் கொரோனா வகையைக் கண்டு, சில நாட்களுக்குள்ளேயே, 25-ஆம் தேதி, பேராசிரியர் டூலியோ டி ஒலிவேராவும் அவருடைய குழுவினரும் அதைப் பகிரங்கப்படுத்தினார்கள். மறுநாள் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு ஒமிக்ரான் என்று பெயரிட்டது. அதே வேகத்தில் பிரிட்டன் முதலாகப் பல நாடுகள் தென்னாப்பிரிக்க விமானங்களைத் தடுத்து நிறுத்தின. விமானங்கள் நின்றபடியால், ஆராய்ச்சிசாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ரசாயனப் பொருள்கள் கிடைக்குமா என்று அந்த விஞ்ஞானிகளே கவலைப்பட நேர்ந்தது. நவம்பர் 19-ஆம் தேதியே நெதர்லாந்தில் எடுத்த மாதிரியொன்றில் ஒமிக்ரான் இருந்தது பிற்பாடு தெரியவந்தது; அறிவிப்புக்கு முன்னரே அது ஐரோப்பாவில் குடியேறிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் உல்லாசப் பயணத் தொழில் அந்தப் பருவத்தில் பெருத்த நஷ்டமடைந்தது. உண்மையை உடனே சொன்னதற்காகவா இந்தத் தண்டனை என்று அந்நாட்டார் மனம் நொந்து கேட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு, ஒமிக்ரானின் கிளைகளான பி.ஏ.4, பி.ஏ.5 என்னும் இரண்டையும் மறு ஆண்டு ஏப்ரலில் கண்டறிந்து, ஒரு நாளும் தாமதிக்க மனமின்றி உலகுக்கு அறிவித்தவர்களும் அதே தென்னாப்பிரிக்கக் குழுவினர்தாம்.